உச்சி மூடாத குல்லா

மேம்பாலத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒப்பந்தக்காரர் ஓடிப்போன வருஷம். ஐஸ் பேக்டரிச் சங்கைக் கடைசியாக ஒருமுறை ஊதி நிறுத்தியதும் இதே வருஷம்தான்.
ஜனவரி 8 (தேதி மட்டும் எழுதுகிறவர் போட்டது)

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா சொல்லச் சொல்ல எழுதுவது. காதைத் தவிர எனக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நீயும் என் பையனும், புதிதாக வரப்போகிறவரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே ஆரம்பிக்கிறேன்.

உன் கடிதத்தை மேல்மாடிக் கண்டக்டரம்மா என் இடது காதில் படித்தார். பஸ்ஸில் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்திப் பழகிய தொண்டை. அவர் படித்து முடிப்பதற்குள் கீழே இருக்கிற தையல்காரர் படியேறி வந்து, தாத்தாவாகப் போகிறீர்களாமே என்று கையைக் குலுக்கிவிட்டார். நீ எனக்கு எழுதுவது மூன்று மாடிக்கும் எழுதுவது. பார்த்து எழுது. போனில் பேசலாமே என்பான் என் பையன். கம்ப்ரசர் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்த காது இது. போனை வைத்தால் எனக்குக் கம்ப்ரசர்தான் கேட்கிறது.

ஓர் ஆண்பிள்ளைக்குப் பின்னல் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். பேக்டரியில் வருஷத்துக்கு ஒரு ஜோடிக் கையுறை கொடுப்பார்கள். ஐஸ் பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்தால் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும். தண்ணீர் உறைகிறவரை ஆட்களுக்கு வேலை இல்லை. உட்கார்ந்தால் சீட்டு, இல்லாவிட்டால் பின்னல். சீட்டில் தோற்றவர்கள் எல்லோரும் பின்னலுக்கு வந்து சேர்ந்தோம்.

குழந்தைக்கு என்று முதலில் ஆரம்பிக்காதே. ஆரம்பப் பின்னல் கோணலாகத்தான் வரும். உன் புருஷனுக்கு ஒரு குல்லா போடு. அந்தத் தலையைச் சுற்றி வந்துவிட்டால் அப்புறம் உனக்கு எதுவும் பெரிதில்லை. கண்ணிகளை, அந்த நூல் வளையங்களை, இறுக்காமல் ஊசியில் ஏற்று. நூல் உன் விரலில் நடக்கட்டும், நீ அதை இழுத்துக்கொண்டு ஓடாதே.

அவன் பிறந்தபோது எப்படி இருந்தான், என்ன எடை என்று டாக்டர் கேட்டதாக எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்தில் யார் தராசோடு நின்றார்கள்? இப்போது ஒரு பீரோவைத் தனி ஆளாக முதுகில் தூக்குகிறான் என்று டாக்டரிடம் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. கால் மாற்றிக் கால் நின்றுகொண்டே இருக்காதே.

மாமா

(படிப்பதும் எழுதுவதும் நான். கத்துவதற்கு எனக்குத் தனிச் சம்பளம் கிடையாது. வாழ்த்துகள். கண்டக்டர்.)

---

பிப்ரவரி 11

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நலம். அங்கே மூன்று மாடியும் நலமா? தையல்காரருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

குல்லாவை முடித்துவிட்டேன். அவர் தூங்கும்போது ஒரு கயிற்றால் தலையைச் சுற்றி அளவெடுத்தேன். கயிறு போதாமல் என் துப்பட்டா நுனியையும் சேர்க்க வேண்டியிருந்தது. கருநீல நூல். வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார். வீட்டுச் சாமான் ஏற்றும் லாரியில் அவரை எல்லோரும் "பீரோ" என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு முழுக்க "பீரோவுக்கு உறை வந்துடுச்சுடா" என்றே சிரித்தார்களாம். ஆனாலும் கழற்றாமல் வந்தார்.

லாண்டரியில் என்னை இஸ்திரி மேசையிலிருந்து மடிக்கிற மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள்தான் நிறைய வருகின்றன. கால் கொஞ்சம் வீங்குகிறது. எல்லோருக்கும் வருவதுதான் என்கிறார்கள்.

டாக்டர் மறுபடியும் அதையேதான் கேட்டார் மாமா. உங்கள் பையன் நிறைமாதத்தில்தானே பிறந்தார்? அவரைக் கேட்டால், "நான் பொறந்தப்பவே மீசையோட பொறந்தேன்" என்கிறார். அத்தை இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன். எனக்குத்தான் அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்து காலுறை போட வேண்டும். குதிகால் திரும்புகிற இடம் புரியவில்லை.

உங்கள் மருமகள்

---

மேம்பாலக் கம்பிகளில் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள்.
பிப்ரவரி 27

அன்புள்ள மருமகளுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. பீரோவுக்கு உறை என்றதும் படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. கண்டக்டரம்மா அடுத்த வரிக்குப் போவதற்குத் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

குதிகாலுக்குப் பயப்படாதே. பாதிக் கண்ணிகளைத் தூங்க விடு, மீதிப் பாதியில் மட்டும் போய் வந்துகொண்டிரு. சின்னப் பை மாதிரி ஒன்று தொங்கும். பிறகு தூங்கினவற்றை எழுப்பிச் சேர்த்துக்கொள். வீட்டில் சண்டை வந்தால் செய்வதுதான், பாதிப் பேரைத் தூங்கவிட்டு மீதிப் பேரிடம் பேசுவது.

டாக்டர் கேட்டதைப் பற்றி. உன் அத்தை இருந்திருந்தால் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருக்க மாட்டாய், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டிருப்பாய். வந்த பிள்ளை எப்படி வந்தது என்று பார்க்கக் கூடாது, எப்படி நிற்கிறது என்று பார் என்பாள். அவன் எப்படி நிற்கிறான் என்று நீயே பார்க்கிறாய்.

மடிக்கிற மேசையிலும் நின்றுகொண்டுதானே மடிக்க வேண்டும்? ஒரு முக்காலி கேள். வெட்கப்படாதே. கேட்காத வாய்க்கு யாரும் ஊட்டமாட்டார்கள்.

மாமா

(முகத்தைச் சுருக்கிக்கொண்டே சொன்னார். ஏன் என்று கேட்டேன். காது கேட்கவில்லை என்றார். கண்டக்டர்.)

---

மார்ச் 30

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிகால் வந்துவிட்டது. குழந்தைக்கு நாலு ஜோடிக் காலுறை ஆயிற்று. அவருக்குக் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று. என் அக்காவுக்கு ஒரு மப்ளர், அவள் பிள்ளைகளுக்கு இரண்டு குல்லா. உங்களுக்கும் ஒரு ஸ்வெட்டரில் முதுகுப்பக்கம் முடிந்துவிட்டது. குழந்தைக்குப் போர்வை போடலாம் என்று சதுரம் சதுரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். நன்றாகப் போகிறது.

ஒன்று கேட்க வேண்டும். படுத்துக்கொண்டு பின்ன முடியுமா? முழங்கையை எங்கே ஊன்றுவது என்று தெரியவில்லை. நூல் உருண்டையும் அடிக்கடி கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது. அவர் மாலை வந்துதான் எடுத்துத் தருகிறார்.

வெயில் இங்கே ஜன்னல் வழியாக வந்து காலடிவரை இறங்கிவிட்டுப் போகிறது. அது போகிற நேரமெல்லாம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

உங்கள் மருமகள்

---

கண்டக்டரம்மாவின் பஸ்ஸுக்குப் புது பிரேக் போட்ட வாரம்.
ஏப்ரல் 9

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்தது போகாது. போன கடிதத்தையும் அதற்கு முந்தினதையும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். முந்தினதில் லாண்டரி இருந்தது, மேசை இருந்தது, விரிப்பு இருந்தது. போனதில் லாண்டரி என்கிற பேச்சே இல்லை. நின்று வேலை செய்கிறவளுக்கு ஒரு மாதத்தில் ஒரு குடும்பத்துக்கே பின்ன நேரம் எங்கிருந்து வந்தது? நூல் உருண்டை கட்டிலுக்கு அடியில் போனால் குனிந்து எடுக்க ஏன் ஆள் வர வேண்டும்?

கேட்டுவிட்டேன். பதில் சொல்ல வேண்டாம். இங்கே படிக்கட்டுக்கும் காது உண்டு, என் காதைவிட நல்ல காது.

இடது பக்கம் ஒருக்களித்துப் படு. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. முழங்கையை மெத்தையில் வைக்காதே, இன்னொரு தலையணையில் வை. நூல் உருண்டையை ஒரு கெட்டிலுக்குள் போட்டு மூக்கு வழியாக நூலை வெளியே விடு. கெட்டில் கட்டிலுக்கு அடியில் ஓடாது.

என் ஸ்வெட்டருக்கு அவசரம் இல்லை. எனக்குக் குளிர் பழகினது.

மாமா

---

மே 6

அன்புள்ள மருமகளுக்கு,

தபால்காரர் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்காமல் போகப் பழகிவிட்டார். என் கடிதம் கிடைத்ததா? கெட்டில் கிடைத்ததா? இரண்டு வார்த்தை போதும். உன் கை ஓயாமல் இருந்தால் என் பையனை எழுதச் சொல். அவன் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், பரவாயில்லை, கண்டக்டரம்மா டிக்கெட்டில் எதை எதையோ படித்தவர்.

வேறொன்றும் இல்லை.

மாமா

---

மே 20

அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீங்கள் சுகமா. அவள் தூங்குகிறாள், அதனால் நான் எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை.

ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னாள். ஒரு சாத்துக்குடி அளவு இருக்கிற தலைக்குக் குல்லா போட எத்தனை கண்ணி ஏற்ற வேண்டும்? அவள் பின்னிவைத்தது எல்லாம் பெரிதாக இருக்கிறது. பொம்மைக்குத்தான். எங்கள் லாரி டிரைவர் பெண்ணிடம் ஒரு பொம்மை இருக்கிறது. அதற்குத்தான். கொஞ்சம் சீக்கிரம் தெரிந்தால் நல்லது.

நூல் உடம்பை உறுத்தக் கூடாதாம். பொம்மைக்கு.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் மகன்

---

(பஸ் டிக்கெட் கட்டின் பின்அட்டையில் எழுதி, பொட்டலத்துக்குள் வைத்தது)

மே 26

பொம்மைக்குக் குல்லா இதோடு இருக்கிறது. துவைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன், ஆனாலும் வெந்நீரில் இன்னொரு தரம் அலசி எடுங்கள்.

பொம்மை பத்திரம். அம்மா பத்திரம்.

மாமா

(பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவர் சொன்னது இவ்வளவுதான். நிறைய சொல்ல வாயெடுத்தார். படிக்கட்டில் ஆட்கள் இருந்தார்கள். கண்டக்டர்.)

---

ஜூன் 9

கண்டக்டரம்மாவுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். இதை வீட்டில் படிக்க வேண்டாம். நீங்கள் கத்திப் படித்தால்தான் அவருக்குக் கேட்கும், கத்தினால் எல்லோருக்கும் கேட்கும். யாரும் இல்லாத ஓர் இடத்துக்கு மாமாவை அழைத்துப்போய்ப் படியுங்கள். அவர் உட்கார்ந்த பிறகு.

மாமா,

நலம் என்று எழுதி எழுதி எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த முறை எழுதவில்லை.

மார்ச்சிலிருந்து நான் படுக்கையில்தான் இருந்தேன். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. எழுந்து நடக்கக் கூடாது என்றார்கள். அப்பாவுக்கு இதயம் பலவீனம், எதுவும் தெரியக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கிக்கொண்டார். உங்கள் கேள்விகள் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கெட்டிலையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

குழந்தை வந்துவிட்டாள் மாமா. பெண். வர வேண்டிய காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். என் மோதிரம் அவள் மணிக்கட்டுவரை போகும்போல் இருக்கிறது. மூக்கில் குழாய். மூச்சு சில நேரம் மறந்துபோகிறது, நர்ஸ் உள்ளங்காலில் தட்டி நினைவுபடுத்துகிறார். தலை சூடு போகக் கூடாது, குல்லா கொண்டுவாருங்கள் என்றார்கள். நான் போட்டு வைத்திருந்ததில் அவள் முழுதாக உள்ளே போய்விடுவாள்.

அவர் உள்ளே வருவதில்லை. வெளியே தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நிற்கிறார். கூப்பிட்டால், "என் கை பட்டா உடைஞ்சிடும்" என்கிறார். இத்தனை நாளில் அவளை அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

உங்கள் பொட்டலத்தை அவர்தான் பிரித்தார். குல்லாவின் உச்சி மூடவில்லை. கண்ணிகள் எல்லாம் ஒரு வெள்ளைக் கயிற்றில் கோத்தபடி அப்படியே இருந்தன. நீங்கள் ஒரு வேலையைப் பாதியில் விட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், "அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவருக்கே நம்பிக்கை இல்ல. எதுக்கு முடிக்கணும்னு நிறுத்திட்டாரு."

அதன் பிறகு கதவுப் பக்கம்கூட வருவதில்லை. நீங்கள் குல்லாவை முடிக்க முடியாமல் படுத்துவிட்டீர்களோ என்று எனக்கு இன்னொரு பயம்.

கயிற்றை இழுத்துக் கட்டி அவளுக்குப் போட்டிருக்கிறேன். இப்போதைக்குச் சரியாக இருக்கிறது. ஊசியையும் கையில் எடுத்தேன். மூடிவிட்டால் ஏதோ ஒன்றை முடித்துவைத்தது மாதிரி இருக்கிறது. மூடாவிட்டால் பாதியில் நின்றது மாதிரி இருக்கிறது. சொல்லுங்கள் மாமா. மூடட்டுமா, வேண்டாமா?

உங்கள் மருமகள்

---

ஐஸ் பேக்டரியில் வாயு கசிந்து ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின வருஷத்தைப் பற்றி.
ஜூன் 14, பஸ் டிப்போ

அன்புள்ள மருமகளுக்கு,

மூடாதே.

அதை முதலில் எழுதச் சொல்லிவிட்டேன். மற்றதை மூச்சு வாங்கிச் சொல்கிறேன். டிப்போவில் நிறுத்தியிருக்கிற பஸ்ஸில், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, கடைசி சீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம். கண்டக்டரம்மா கத்திப் படித்தார், நான் கத்திச் சொல்கிறேன். வெளியே ஒருவர் டயர் கழுவிக்கொண்டிருக்கிறார், அவருக்கு நம்மைத் தெரியாது.

என் இதயத்துக்கு ஒன்றும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான் உன் புருஷன். சாத்துக்குடி என்று படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவை நான் ஏற்கெனவே ஒருமுறை பின்னியிருக்கிறேன்.

அந்த வருஷம், முதலாளி புதுக் கார் வாங்கி முதல் நாளே பேக்டரிச் சுவரில் மோதினார். அதே வாரம் குழாய் வெடித்து வாயு கசிந்தது. லைன் வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். உன் அத்தையும் ஓடினாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அன்று மாலையே வலி கண்டது. நிறைய மாதம் பாக்கி இருந்தது.

பிறந்ததை, வீட்டுக்குப் பிரசவம் பார்க்க வந்த நர்ஸம்மா ஒரே கையில் பிடித்திருந்தார். அழவில்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "போற வழியிலயே ஆறிப்போயிடும். இங்கயே சூடா வச்சுக்கோங்க. விடிஞ்சா பார்க்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டின் பின்சுவர்தான் இயந்திர அறையின் சுவர். ஐஸ் உண்டாக்குகிற இயந்திரம் ஒரு பக்கம் உறைய வைக்கும், மறுபக்கம் கொதிக்கும். அந்தச் சுவர் இரவும் பகலும் சுடும். கோடைக்காலத்தில் அதைத் திட்டாத நாள் இல்லை. ஃபோர்மேன் ஓடிப்போய் ஐஸ் வைக்கிற மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சுற்றிலும் மரத்தூள் அடைத்த பெட்டி. குளிரை வெளியே விடாதது சூட்டை மட்டும் விடுமா என்றார். பெட்டியைச் சுவரோடு ஒட்டிவைத்து, மூடியைக் கழற்றி எறிந்து, வெந்நீர்ப் பாட்டில்களுக்கு நடுவில் பிள்ளையை வைத்தோம்.

தலையை மூடுங்கள் என்றார் நர்ஸம்மா. வீட்டில் நூல் இல்லை. என் கையுறையைப் பிரித்தேன். எங்கள் ஊசிகள் கையுறைக்கானவை, தடிமன். ஃபோர்மேன் தன் சைக்கிளிலிருந்து நாலு கம்பி கழற்றிக் கொடுத்தார், அன்றைக்கு அவர் நடந்துதான் வீட்டுக்குப் போனார். கழுத்துப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து மேலே ஏறினேன். உச்சி வருவதற்குள் நூல் தீர்ந்துபோயிற்று. ஒற்றைக் கையுறை எவ்வளவு தூரம் வரும்? கண்ணிகளைக் கயிற்றில் கோத்து இழுத்துக் கட்டி, விடிந்ததும் நூல் தேடி மூடிவிடுகிறேன் என்றேன்.

உன் அத்தை படுக்கையிலிருந்தே கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். எனக்கு இன்றும் அந்தக் குரல் அப்படியே காதில் இருக்கிறது. "மூடாதீங்க. தலை வளரும்ல."

அந்த நேரத்தில் அந்த வீட்டில் இருந்த யாருக்கும் விடிகிற வரைக்குமே நம்பிக்கை இல்லை. அவளுக்குத் தலை வளரும் என்கிற கவலை.

வளர்ந்தது. குல்லா குட்டையாகிற போதெல்லாம் கயிற்றிலிருந்து கண்ணிகளை எடுத்து ஒரு சுற்று ஏற்றுவேன். அகலத்துக்குப் பின்னல் தானே இழுத்துக் கொடுக்கும், உயரத்துக்குத்தான் சுற்று வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் யாராவது நூல் கொடுத்தார்கள். பகலில் அவள் மார்பில் போட்டுக்கொள்வாள். இரவில் நான் சட்டையைக் கழற்றி என் மார்பில் போட்டுக்கொள்வேன். நான் பின்னியதைவிடப் பெரிய வேலை அதுதான்.

அடுத்த லைனில் ஒரு பையன் இருந்தான். மீசை வந்த பிறகும் அவனுக்குக் "குறைமாசம்" என்றுதான் பெயர். பந்து விளையாடக் கூப்பிட மாட்டார்கள், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். உன் அத்தை அந்தப் பெட்டியைச் சுற்றி நின்ற எல்லோரையும் கூப்பிட்டு, இந்தப் பேச்சு இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது, என் பிள்ளை காதில் விழவே கூடாது என்று வாக்கு வாங்கினாள். எல்லோரும் காப்பாற்றினார்கள். நானும் இந்தப் பஸ்ஸில் ஏறுகிறவரை காப்பாற்றினேன். நீ டாக்டர் கேட்டதைக் கேட்டபோதெல்லாம் நழுவினேன். இதற்கு மேல் காப்பாற்றினால் உன் அத்தையே என்னைத் திட்டுவாள்.

அந்தப் பழைய குல்லாவை இதோடு அனுப்புகிறேன். உன் புருஷன் கையில் கொடு. இந்தக் கடிதத்தைத் தாழ்வாரத்திலேயே வைத்து அவனுக்குப் படி, கத்தியே படி. பிறகு கையைக் கழுவச் சொல், சட்டையைக் கழற்றச் சொல், டாக்டரைக் கேட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போ.

மாமா

(பழைய குல்லாவை நானே பொட்டலம் கட்டித் தபாலில் போடுகிறேன். கண்டக்டர்.)

---

ஜூலை 18

அப்பாவுக்கு,

நான் சுகம் என்று பொய் எழுதப் போவதில்லை. மூன்று பேரும் இருக்கிறோம். அதுதான் இன்றைய நிலவரம்.

அவள் தாழ்வாரத்தில் நின்று படித்தாள். பெருக்குகிறவர்கூட நின்று கேட்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குல்லாவை என் கையில் போட்டுப் பார்த்தேன். முதல் சாம்பல் நிறச் சுற்றுகளில் மூன்று விரல்தான் நுழைந்தது. இத்தனை காலம் லாரியில் எவனாவது தடுக்கி விழுந்தால் "குறைமாசத்துல பொறந்தியாடா" என்று கேலி பேசியவன் நான்.

நர்ஸ் என்னை முழங்கைவரை கழுவ வைத்தார். ஒரு நாற்காலியில் சாய வைத்து குழந்தையை என் மார்பில் வைத்தார். என் சட்டைப் பையில் போட்டால் கொஞ்சம்தான் வெளியே தெரிவாள். இரும்புப் பீரோவோடு நாலு மாடி இறங்கியிருக்கிறேன், கைப்பிடியைத் தொட்டதில்லை. அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் நாற்காலிக் கையை விடவில்லை. அசைந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் சொன்னார், "சார், மூச்சு விடுங்க. உங்க மூச்சைப் பார்த்துதான் அவ மூச்சு விடக் கத்துக்கணும்."

விட்டேன். அவளும் விட்டாள்.

தினமும் வேலை முடிந்ததும் போகிறேன். நடுவில் ஒரு வாரம் காய்ச்சல் வந்து மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள், எடையும் இறங்கியது. அப்போது உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. இப்போது ஏறுகிறது. குழாயை எடுத்துவிட்டார்கள். இப்படியே ஏறினால் வீட்டுக்கு விடுவோம் என்கிறார் டாக்டர். "இப்படியே" என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறோம்.

குல்லா போன செவ்வாய்க்கிழமை குட்டையாகிவிட்டது. காதுக்கு மேலே ஏறிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து அழுததில் நர்ஸ் பயந்துபோய் ஓடி வந்தார். கடைக்குப் போய் நூல் வாங்க நேரமில்லை. என் தலையிலிருந்த உறையைக் கழற்றி, அதிலிருந்து நூலைப் பிரித்துக் கொடுத்தேன். உங்கள் மருமகள் கண்ணிகளைக் கயிற்றிலிருந்து எடுத்துத் தந்தாள். கருநீலத்தில் ஒரு சுற்று நானே போட்டேன். கோணலாகத்தான் இருக்கிறது.

அந்தப் பழைய குல்லாவில் சாம்பல் முடிந்து சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை, கடைசியில் நீலம் என்று இருக்கிறது. நூல் கொடுத்தவர்கள் யார் யார் அப்பா? எங்கே இருந்தாலும் ஒரு தடவை போய்ப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். லாரியிலேயே போவேன்.

உங்கள் மகன்

---

மேம்பாலத்தில் மறுபடியும் வேலை ஆரம்பித்த வாரம்.
ஜூலை 25

டேய்,

நான் சுகம். காய்ச்சல் வந்ததை மறைத்ததற்கு நேரில் வரும்போது வாங்கிக்கொள். பேத்திக்குக் குல்லா குட்டையான சேதியை மட்டும் வீட்டில், படிக்கட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி படிக்கச் சொன்னேன். தையல்காரர் மூன்று மாடிக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது மறுபடி டிப்போவில் இருக்கிறோம். நீ கேட்டதைச் சொல்கிறேன், லாரியை எடுக்க வேண்டாம்.

சாம்பல் என் கையுறை, அது உனக்குத் தெரியும். சிவப்பு உன் அம்மாவின் சால்வை. ஓரத்திலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள், நீ பெட்டியை விட்டு வெளியே வந்தபோது சால்வை கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. அவள் போனது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கறுப்பு, ஃபோர்மேன் மப்ளர். அந்தக் குளிர்காலம் முழுக்க அரை மப்ளரோடு திரிந்தார். ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. பேக்டரி ஆட்குறைப்பு செய்த வருஷம் இறந்துபோனார். மஞ்சள் நர்ஸம்மா கொடுத்தது. அவருக்குப் பிள்ளை கிடையாது, அது யாருக்காக வாங்கி வைத்திருந்த நூல் என்று நான் கேட்டதில்லை. தன் ஓய்வு நாளன்று மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். பச்சை, டீக்கடைக்காரரின் கெட்டில் உறை. உறையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் ஆறின டீ விற்றுத் திட்டு வாங்கினார். ரயில்வே கேட் எடுத்த வருஷம் போனார்.

நீலம்தான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் இருந்தார். தண்ணீர்க் குழாய் விஷயத்தில் உன் அம்மாவோடு சண்டை, இரண்டு பேருக்கும் முகம் பார்த்துப் பேச்சு இல்லை. ஒரு நாள் காலை சுவருக்கு மேலே ஒரு நீல உருண்டை வந்து விழுந்தது. எட்டிப் பார்த்தேன், "என்ன முறைக்கிற? பந்து ஒண்ணும் இல்ல, திருப்பிப் போட. பின்னு" என்றார். அதற்கப்புறமும் சண்டை தொடர்ந்தது. அவரும் வெள்ளம் வந்த வருஷம் போய்விட்டார். கடைசிவரை உன்னிடம் ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்லவில்லை, நீ அவர் ஜன்னலைப் பந்தால் உடைத்தபோதுகூட.

என்னைச் சேர்க்காதே. நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கிறவன். இதைச் சொன்னதும் கண்டக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "இப்போதைக்கு எந்த பஸ்ஸும் இல்ல, கீழ இறங்குங்க பெரியவரே" என்றார். சமாதானம் பண்ணி மறுபடி எழுத வைத்திருக்கிறேன்.

உன் கோணல் சுற்றைப் பிரித்துத் திருத்தாதே. அது அப்படியே இருக்கட்டும். மேலே மருமகள் ஏற்றட்டும்.

நன்றி சொல்லியே தீர வேண்டும் என்றால், அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றவர்களைத் தேடாதே, யாரும் இல்லை. பெட்டிக்குள் கிடந்தவன் ஒருவன்தான் பாக்கி, அவனிடம் சொல். தினமும் மாலையில் சட்டையைக் கழற்றி நாற்காலியில் சாய்ந்து, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

ஊரில் அவனை பீரோ என்பார்கள்.